அம்மா வந்திருக்கிறாள்

சென்னை, தம்புச்செட்டித் தெரு
10-4-1942

அக்கா கௌரியம்மாளுக்குத் தம்பி வரதராஜன் நமஸ்காரம். இங்கே க்ஷேமம். இந்த நகரத்தில் இப்போது க்ஷேமம் என்றால், இன்று காலை வரைக்கும் தலையில் எதுவும் விழவில்லை என்று அர்த்தம். அங்கே நீயும் பாவாவும் சுகம் என்று நினைக்கிறேன்.

இப்பவும், வருஷக்கணக்கில் உன் கடிதங்களுக்குப் பதில் போடாதவன் திடீரென்று எழுதுகிறானே என்று மகிழ்ந்துவிடாதே. பாசத்தால் எழுதவில்லை, பயத்தால் எழுதுகிறேன். விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான். அடுத்தது சென்னைதான் என்கிறார்கள். போகக்கூடியவர்கள் போய்விடுங்கள் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் நாயைக் கட்டியது கட்டியபடி விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் ஊளையைத் தவிரத் தெருவில் வேறு சத்தம் இல்லை. எனக்குத் துறைமுகக் கிடங்கு ஆபீஸில் உத்தியோகம். எங்களுக்கு மட்டும் லீவு கிடையாது. குண்டு போடுகிறவன் முதலில் தேடுவது துறைமுகத்தைத்தான் என்பது எங்கள் துரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வசந்தியை இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது. தாயில்லாத பெண், பதினாறு வயது. ரெயிலில் காலை வைக்க இடமில்லை, குழந்தைகளை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுகிறார்கள். எங்கள் கிடங்கு லாரிகளைப் பழுதுபார்க்கும் கரீமுல்லா அரக்கோணத்துக்காரர். மனைவி அஸ்கரி பேகத்தையும் குழந்தைகளையும் லாரியில் ஊருக்குக் கொண்டுபோகிறார். கனகம்மாசத்திரம் வழியாக வந்து வசந்தியை உன் வாசலில் இறக்கிவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நிபந்தனை. மணவூரில் தம்பி துரைக்கண்ணுவோடு இருக்கும் அம்மா, என் பெண் அங்கே இருக்கும்வரை உன் வாசற்படி ஏறக்கூடாது. என் வாழ்க்கையைச் சீர்செய்தவள் இவள் வாழ்க்கையையும் சீர்செய்யப் பார்ப்பாள். அடுத்தது, உன் நாத்தனார் ஜெயம்மாவின் பெயர் என் பெண்ணின் காதில் விழக்கூடாது. எனக்கு நிச்சயம் செய்த பெண்ணை, நான் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் சித்தூர்ப் பக்கம் எவனுக்கோ கொடுத்தீர்கள். அம்மா முடிவுசெய்தாள், நீ தலையாட்டினாய், பாவா வாயே திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் இதில் ஒரு வரியையும் மறக்கவில்லை. பெண்ணுக்குச் சோறு போடப்போகும் வீட்டுக்கு இப்படி எழுதக்கூடாதுதான். எழுதிவிட்டேன்.

அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
வரதராஜன்

*

திருத்தணி
17-4-1942

தம்பி வரதனுக்கு அக்கா ஆசீர்வாதம். மலைமேல் இருக்கிறவன் புண்ணியத்தில் நானும் உன் பாவாவும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுதவும்.

இப்பவும், குழந்தை நல்லபடியாக வந்து சேர்ந்தாள். புழுதியில் தலைமுடி செம்பட்டையாகிக் கிடந்தது. அந்தப் பேகம் அம்மாள் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக இவளையும் மடியில் சாய்த்து அழைத்துவந்தாள். "பயத்துல வழியெல்லாம் ஒரு வாய் தண்ணி குடிக்கலீங்க, பாத்துக்கோங்க" என்று சொல்லி ஒப்படைத்தாள். முகம் உன் முகம். பார்த்ததும் வீட்டில் எல்லாரும் அழுதோம்.

ஊர் முழுக்க மெட்ராஸ் ஜனம். சத்திரத்தில் இடமில்லை, மண்டபத்தில் இடமில்லை. பாவாவின் பூக்கடை ஓரத்தில்கூட ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு இங்கே இருப்பவர்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறோம்.

அம்மாவை வர வேண்டாம் என்று துரைக்கண்ணுவிடம் சொல்லியனுப்பினேன். சரி என்று சொல்லிவிட்டாளாம். நீ போட்ட இரண்டாவது நிபந்தனைக்கு நான் எழுத ஒன்றும் இல்லை.

உன் அக்கா,
கௌரி

*

திருத்தணி
3-5-1942

அன்புள்ள அப்பாவுக்கு வசந்தி அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா? அபாயச் சங்கு ஊதினால் ஆபீஸ் பதுங்கு குழிக்குள் இறங்கிவிடுகிறீர்களா? எதிர்வீட்டு நாய்க்குச் சோறு வைக்கிறீர்களா?

இங்கே எல்லாரும் வந்துகினு, போய்கினு என்றுதான் பேசுகிறார்கள். பாதி தெலுங்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தகப்பனாரை நைனா என்கிறார்கள். அடுத்த கடிதத்தில் நானும் உங்களை நைனா என்று எழுதப்போகிறேன்.

மாமாவின் கடைக்குத் தினமும் கூடைகூடையாகப் பூ வருகிறது. வீட்டில் உட்கார்ந்துதான் தொடுக்கிறார்கள். சின்னம்மாதான் எனக்குத் தலை பின்னுகிறார். அவர் வெளியில் அதிகம் வருவதில்லை. யாராவது வந்தால் முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஆனால் என்னிடம் நிறையப் பேசுவார். நேற்று நான் மல்லிகைச் சரம் தொடுத்தேன். முடிச்சு நழுவிப் பூவெல்லாம் மடியில் கொட்டிவிட்டது. சின்னம்மா சிரித்துக்கொண்டே, "ஏங்க மெட்ராஸ்காரரே, உங்க புக்குல பூ கட்டச் சொல்லித் தரலீங்களா?" என்றார். பெண்பிள்ளையைப் போய் மெட்ராஸ்காரரே என்கிறீர்களே என்று கேட்டேன். "வாய்ல வந்துடுச்சு கண்ணு" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அத்தை பாதி தொடுத்த சரத்தைக் கூடையில் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனார்.

சத்திரத்தில் நம் ஊர்க் குடும்பம் ஒன்றின் வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. அந்தப் பக்கம் போகாதே என்கிறார் அத்தை. அரக்கோணம் பட்டாளத்து விமானம் மலையை ஒட்டிப் பறக்கும்போதெல்லாம் நம்முடையதா, அவர்களுடையதா என்று தெரியாமல் வீட்டுக்குள் ஓடிவிடுகிறேன். என்னை எப்போது அழைத்துக்கொள்வீர்கள்?

உங்கள் அன்பு மகள்,
வசந்தி

*

சென்னை
9-5-1942

அக்காவுக்கு நமஸ்காரம். க்ஷேம விசாரணையை வசந்தியிடம் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் விசாரிக்க வேறு விஷயம் இருக்கிறது.

அவள் கடிதத்தில் ஒரு சின்னம்மா வருகிறாள். வசந்தியின் தாய்க்குத் தங்கை கிடையாது. முறையைப் பிடித்துப் போனால், அத்தை புருஷனுடைய தங்கையைத்தான் ஒரு பெண் சின்னம்மா என்று கூப்பிடுவாள். பாவாவுக்கு ஒரே தங்கை. பூ கட்டத் தெரியாததற்கு அந்த ஏச்சை அந்த வார்த்தைகளிலேயே நான் வாங்கியிருக்கிறேன். லீவுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது, அதே கூடத்தில்.

ஆகவே மறைக்காமல் எழுது. ஜெயம்மா சித்தூரிலிருந்து எப்போது வந்தாள்? எதற்கு முகத்தை மூடிக்கொள்கிறாள்? தாலியறுத்து வந்திருக்கிறாளா? அப்படியானால் அம்மா எனக்குப் பதிலாகப் பொறுக்கியெடுத்த மாப்பிள்ளையின் லட்சணம் அவ்வளவுதான் என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான். சந்தோஷம் வரவில்லை. அது ஏன் என்றும் எனக்குப் புரியவில்லை.

இங்கே சங்கு ஊதும்போதெல்லாம் குழிக்குள் உட்கார்ந்து, என் பெண் பத்திரமான இடத்தில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வேன். இப்போது அந்த இடத்தில் எனக்குத் தெரியாமல் என்னென்ன நடக்கிறதோ என்று அதற்கும் பயமாக இருக்கிறது. பதில் உடனே தேவை.

வரதராஜன்

*

திருத்தணி
1-6-1942

தம்பி வரதனுக்கு ஆசீர்வாதம்.

அம்மா நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வசந்தியிடம்தான் இருக்கிறாள். அவளாக இஷ்டப்பட்டு வந்தாள். அவள் இஷ்டப்பட்டபோதுதான் போவாள். நாம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அவள் மனம் குளிர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீ புறப்பட்டு வந்துவிடாதே, வெளியிலிருந்து யாரும் படியேறக்கூடாது. இனிக் கொஞ்ச காலம் இங்கிருந்து காகிதம் வராது. நீ கேட்டதற்கெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

நீயும் அவளை நினைத்துக்கொள்.

கௌரி

*

சென்னை
4-6-1942

கௌரியம்மாளுக்கு,

நமஸ்காரம் எழுதக் கை வரவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன். அதைக்கூட உன்னால் காப்பாற்ற முடியவில்லை.

அவளை வீட்டுக்குள் யார் சேர்த்தது? என் பெண்ணின் பக்கத்தில் உட்காரவைத்தது யார்? ஜெயம்மாவை என்னிடமிருந்து பறித்தவள் அவள்தான். இது உனக்கும் தெரியும், பாவாவுக்கும் தெரியும். ஒருத்தியை எடுத்துக்கொண்டது போதாதென்று இப்போது என் மகளிடம் வந்துவிட்டாளா?

அவள் மனம் குளிர வேண்டுமாம், நான் அவளை நினைத்துக்கொள்ள வேண்டுமாம். நினைக்காத நாள் கிடையாது. என்னைக் கேட்டால் அவள் மனம் எரியட்டும் என்பேன். ஒரு வாய்க் கூழ் ஊற்றாதே. வந்த வழியே விரட்டு. நீங்கள் எல்லாரும் அவளுக்கு நடுங்குவீர்கள், நான் நடுங்கப்போவதில்லை. அவள் கையோ கண்ணோ என் பெண்மேல் பட்டது என்று தெரிந்தால், இந்த வேலை போனாலும் சரி என்று நானே வந்து அவளை வாசலுக்கு வெளியே தள்ளுவேன்.

இதைப் பாவாவிடமும் படித்துக்காட்டு.

வரதராஜன்

*

சென்னை
20-6-1942

அக்காவுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. காகிதம் வராது என்று நீ சொன்னது கோபத்தில் சொன்னது என்று நினைத்தேன். அம்மாவைத் திரும்ப அழைத்துக்கொண்டு போகச் சொல்லி மணவூருக்குத் துரைக்கண்ணுவின் பெயருக்கு ஒரு கார்டு போட்டேன். இன்று அவன் பதில் வந்தது. "அம்மா இங்கேயேதான் இருக்கிறாள். நீ போட்ட உத்தரவுக்குப் பிறகு ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. யாரை அழைத்துக்கொண்டு போகச் சொல்கிறாய்?" என்று கேட்கிறான்.

அப்படியானால் உன் வீட்டுக்கு வந்திருப்பது யார் என்று உன்னிடம் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரி எழுதுவதற்குள் கை நின்றுவிட்டது.

சத்திரத்து வாசலில் வேப்பிலை என்று குழந்தை எழுதியிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டுப் பூவையும் ஏச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அம்மா வந்திருக்கிறாள் என்றால் எந்த அம்மா என்று அங்கே ஆடு மேய்க்கிற பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அம்மா என்றால் சண்டை போட வேண்டிய ஒருத்தி மட்டும்தான் என்று ஆகிவிட்டிருக்கிறது.

வசந்திக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை குத்தியிருக்கிறது. இடது கையில் தழும்பு இருக்கிறது, பார். அதனால் கடுமையாக இருக்காது, இல்லையா? காய்ச்சல் இறங்கிவிட்டதா? பேசுகிறாளா? நான் என்னென்ன எழுதித் தொலைத்தேன் என்பது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வருகிறது. எரியட்டும் என்று எழுதினேன். காய்ச்சலில் கிடக்கிற பெண்ணின் வீட்டுக்கு அந்தச் சொல்லை அனுப்பியிருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஆபீஸில் பிரசங்கம் செய்கிறவன் நான். பயம் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இருக்கிறாளா? அதை மட்டும் எழுது.

வரதன்

*

கே.ஜி.கண்டிகை
19-6-1942

மைத்துனன் வரதராஜனுக்குச் சுப்பிரமணி ஆசீர்வாதம். வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது என்பதால் கண்டிகையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து எழுதி, கரீமுல்லா சாகிபு கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் வீட்டுக்குள் வரவில்லை, தெருவில் நின்றே விசாரித்தார்.

உன் காகிதத்தை உன் அக்காள் வாய்விட்டுப் படிக்கவில்லை. பாதியில் என் கையில் கொடுத்துவிட்டுச் சாமி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் படித்தேன். என் வயதுக்கு இப்படி ஒரு காகிதத்தைப் படித்ததில்லை. பூசாரி வேடியப்பனிடம் விஷயத்தைச் சொல்லிப் பரிகாரம் கேட்டேன். எழுதினது யார் என்று அவனிடம் சொல்லவில்லை. அவன் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, "புள்ள நோவுல இருக்கசொல்ல தகப்பன் வாயில வர்ற பேச்சை ஆத்தா கணக்குல வெச்சிக்க மாட்டாங்க" என்றான். எழுதினது தகப்பன் என்று அவனாகவே கண்டுகொண்டிருக்கிறான்.

உன் மகளுக்கு முத்து நிறையப் போட்டிருக்கிறது. முகத்திலும் இருக்கிறது. கண் திறக்கவில்லை. பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜெயாவை உன்னிடமிருந்து பறித்தவள் அவள்தான் என்று எழுதியிருக்கிறாயே, அது உனக்கு யார் சொன்னது? நாங்கள் நாலு பேரைத் தவிர அது வெளியே போகவில்லை. தெரிந்துவிட்ட பிறகு இனி மறைத்து என்ன. நீ பரீட்சைக்குப் போயிருந்த பங்குனியில்தான் அவளுக்கு அம்மா பார்த்தது. உயிர் தங்கியது. ஒரு கண் போயிற்று, முகம் முழுக்கக் குழி. எழுந்து உட்கார்ந்த அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு கண்ணுல இருக்கிற மூஞ்சி அப்படியே இருந்துட்டுப் போகட்டும்ணா. என்னை வேற எடத்துல குடுத்துட்டேன்னு சொல்லிடு" என்றாள். நான் மாட்டேன் என்றேன். உன் அம்மாதான் வந்தாள். "பழியை எம்மேல போட்டுடுங்க. பெத்தவ தாங்குவா" என்றாள். சித்தூர் மாப்பிள்ளை என்று ஒருவன் கிடையாது. ஜெயா இந்த வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. நான் வாய் திறக்கவில்லை என்று இத்தனை வருஷமும் நீ என்னைத் திட்டியது நியாயம்தான்.

ஒருமுறை பார்த்தவரை அம்மா மறுமுறை தொடமாட்டாள். அதனால் உன் பெண்ணோடு உள்ளே இருப்பது ஜெயா ஒருத்திதான்.

சுப்பிரமணி

*

சென்னை
23-6-1942

பாவாவுக்கு வரதராஜன் அநேக நமஸ்காரம்.

உங்கள் கடிதமும் நான் அக்காவுக்குப் போட்டதும் வழியில் ஒன்றையொன்று தாண்டியிருக்கும். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் திட்டியது ஆத்தாளை அல்ல, என்னைப் பெற்றவளை. அவளைத் திட்டுவதற்கும் எனக்குக் காரணம் இருந்ததில்லை என்று உங்கள் கடிதம் சொல்கிறது. இத்தனை வருஷம் ஊட்டி வளர்த்த கோபத்தை இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. யார்மேல் வைப்பது? உங்கள் எல்லார்மேலும்தான் என்று முதல் நாள் தோன்றியது. இரண்டாம் நாள் அதற்கும் தெம்பில்லை.

லீவு கேட்டேன். துரை சிரித்தார். வெளியார் படியேறக்கூடாது என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். இன்று பகலில் தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்ததும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குத்தான் கடிதம் வேண்டும். அதை வாங்கத்தான் கை நீளவில்லை. அவர் எனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை என்று தெரிந்தபோது, ஒரு நாள் தள்ளிப்போயிற்று என்று மூச்சு வந்தது. ஆகாயத்திலிருந்து விழும் குண்டுக்கு நான் இப்போது பயப்படுவதே இல்லை.

எதிர்வீட்டு நாய்க்குச் சோறு வைக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். காதில் விழாவிட்டாலும் சொல்லுங்கள்.

வரதன்

*

திருத்தணி
11-7-1942

தம்பி வரதனுக்கு அக்கா ஆசீர்வாதம்.

மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. அம்மா மனம் குளிர்ந்து மலையேறினாள். வசந்தி கஞ்சி குடிக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இதை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். இனி நீ மூச்சு விடலாம்.

நடுவில் நாங்கள் நம்பிக்கையை விட்டுவிட்ட ஒரு நாள் இருந்தது. அதை உனக்குச் சொல்ல வேண்டும். காய்ச்சல் உச்சியில் இருந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் அரிப்பு, பிய்த்துக்கொள்ளப் பார்த்தாள். ஜெயா தன் பழைய சேலையைக் கிழித்து இரண்டு கையையும் பூப்போலச் சுற்றி, தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். இரவும் பகலும் விடவில்லை. "சொறிஞ்சா குழி விழும் கண்ணு. எனக்கு அப்போ கையைப் பிடிக்க யாருமில்லே, எல்லாம் பயந்துகினு வெளியே நின்னாங்க. உன்னை நான் பிடிச்சிக்கினு இருக்கேன்" என்று அவள் சொல்வது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. வெளியே நின்றவர்களில் அன்றைக்கும் நான் ஒருத்தி.

அன்று சாயங்காலம் குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டாள். எந்த அம்மாவைக் கூப்பிட்டாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஜெயாதான் "ஆங், இருக்கேன்" என்று பதில் சொன்னாள். அதற்கப்புறம்தான் காய்ச்சல் இறங்கியது.

மணவூருக்குப் போய் அம்மாவிடம் உன் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். மறைக்க நினைத்தும் முடியவில்லை. "என்னையா வெரட்டச் சொன்னான்? ஆத்தாவை இல்லியே? அப்போ தோஷமில்லே போ" என்று சிரித்துவிட்டு, கற்பூரம் ஏற்றப் போய்விட்டாள்.

கண்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கன்னத்திலும் நெற்றியிலும் சில வடு இருக்கிறது. ஜெயாவுக்கு விழுந்ததில் கால்வாசிகூட இல்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தில் முகத்தைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஜெயாவைப் போலவே முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். வாசலில் பேச்சுக்குரல் கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போய்விடுகிறார்கள். அப்பா வர வேண்டாம் என்று எழுதச் சொல்கிறாள். ஒரு ஆயுசை அப்படிப் பார்த்துவிட்டேன், தம்பி. இன்னொன்றைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அக்கா,
கௌரி

*

சென்னை
19-7-1942

ஜெயாவுக்கு,

உன்னை எப்படி விளித்துக் கடிதம் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. மூத்தவர்களுக்கு நமஸ்காரம், இளையவர்களுக்கு ஆசீர்வாதம், கட்டியவளுக்குச் சௌபாக்கியவதி. உனக்கென்று நம் வழக்கத்தில் ஒரு தலைப்பும் இல்லை. நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்பதற்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்பவும், என் பெண்ணை மீட்டுக் கொடுத்ததற்கு நன்றி என்று எழுதமாட்டேன். அம்மா பார்த்த வீட்டில் நன்றி சொல்லக்கூடாது என்பது இப்போது நினைவிருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ என்னைக் கேட்காமல் எனக்காக முடிவுசெய்துவிட்டாய். அன்றைக்கு நான் வந்து உன் முகத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். நின்றிருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. ஓடியிருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பரீட்சையை எழுதவே நீ என்னை விடவில்லை.

போகட்டும். இது நமக்காக எழுதும் கடிதம் அல்ல. வசந்தி முகத்தை மூடிக்கொள்கிறாள் என்று அக்கா எழுதியிருக்கிறாள். நான் வந்து அவளிடம், உன் முகத்துக்கு ஒன்றும் இல்லை என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். தகப்பன் அப்படித்தான் சொல்வான் என்று நினைப்பாள். அவள் உன்னைப் பார்த்து மூடிக்கொண்டாள். உன்னைப் பார்த்துத்தான் எடுக்கவும் எடுப்பாள். உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. இந்த வயதில், இத்தனை வருஷம் கழித்து, நீ வெளியே வர வேண்டும் என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்றும் தெரிகிறது. பயந்துகொண்டேதான் கேட்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு லீவு கிடைத்திருக்கிறது. வழியில் மணவூரில் இறங்கி, நான் விரட்டச் சொன்ன அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். அவள் வரச் சம்மதித்தால். ஆபீஸ் முடிந்து புறப்பட்டால் இரவு வண்டிதான் கிடைக்கும். தெரு அடங்கின பிறகு வந்தால் உங்கள் இருவருக்கும் சங்கடம் குறையும் என்றும் நினைத்தேன். உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வரதராஜன்

*

திருத்தணி
27-7-1942

மெட்ராஸ்காரருக்கு ஜெயம்மா எழுதுவது. இங்கே சுகம். அங்கே சுகமா.

நான் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து அவ்வளவாக வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

காகிதம் வந்து இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் பயம்தான். வசந்தியிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ எடுத்தால் நானும் எடுக்கிறேன் என்றாள். முந்தாநாள் நாங்கள் இரண்டு பேரும் முக்காடு இல்லாமல் அண்ணன் கடை வரைக்கும் போய்ப் பூக்கூடையை வைத்துவிட்டு வந்தோம். கடைத்தெருவில் ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "யாரும்மா நீ, ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார். வசந்தி அங்கேயே சிரித்துவிட்டாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. உங்களுக்கு இன்னும் பூ கட்ட வரவில்லை என்றால் அவள் சொல்லித் தருவாளாம். முடிச்சு இப்போது நழுவுவதில்லை.

மணவூர் அத்தையை, உங்கள் அம்மாவை, அழைத்துக்கொண்டு வாருங்கள். அவர் என்னால் சுமந்த பழிக்கு நான் ஒரு நாளும் பதில் செய்யவில்லை.

இரவு வண்டியில் வர வேண்டாம். லாந்தர் வெளிச்சத்தில் எல்லா முகமும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் லீவு கூடக் கேட்டாவது பகல் வண்டியில் வாருங்கள். வெயில் நன்றாக ஏறின பிறகு வருகிற வண்டி. ஸ்டேஷனில் நானும் அவளும் நிற்போம். முகத்தை மூடமாட்டோம் என்று மலையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறோம். என்னுடைய முந்தானையை அவளும் அவளுடையதை நானும் பிடித்துக்கொண்டு நிற்போம், இழுத்துக்கொள்ள முடியாதபடி.

வண்டி நின்றதும் முதலில் அவளைப் பாருங்கள். கண்ணைத் திருப்பாமல் பாருங்கள். அப்புறம் என்னைப் பார்க்கலாம்.

ஜெயம்மா